‘இதையெல்லாம் போய் ஆராய்ச்சி பண்ணுவார்களா?’ – ஒரு அப்பாவின் கேள்வி

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஆய்வில் எந்தப் புள்ளியியல் டெஸ்ட் போடுவது, சாம்பிள் எத்தனை எடுப்பது என்கிற வழக்கமான கேள்விகள்தான். அவற்றுக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் விருதுநகர் பக்கத்திலிருந்து ஒரு அப்பா எழுதியிருப்பதை எடுத்துக்கொள்கிறேன். நீளமாக எழுதியிருக்கிறார், சுருக்கி வாசிக்கிறேன்.

“மேடம், என் மகள் எம்.எஸ்சி. முடித்துவிட்டு பிஎச்.டி. சேரப்போகிறேன் என்கிறாள். விவரம் கேட்க அவளோடு பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தேன். நோட்டீஸ் போர்டில் பிஎச்.டி. வைவா (வாய்மொழித் தேர்வு) அறிவிப்புகள் ஒட்டியிருந்தன. ஒன்று கர்ப்பிணிகளின் ரத்தசோகை. ஒன்று ஒப்பாரிப் பாட்டு. ஒன்று கடல்நீரைக் குடிநீராக்குவது. இன்னொன்று பேருந்து நிறுத்தத்தில் நிழல்! நாலும் நாலு திக்கு. இதையெல்லாம் போய் ஆராய்ச்சி பண்ணுவார்களா? இதற்கு நாலைந்து வருஷமா? என் மகளுக்கு உருப்படியான தலைப்பாக நீங்களே ஒன்று சொல்லுங்கள்.”

ஐயா, உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது, இன்னும் ஐந்து வருஷம் படிப்பு, அதுவும் பேருந்து நிறுத்தத்து நிழலைப் பற்றி என்றால் எந்த அப்பாவுக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் அந்த நோட்டீஸ் போர்டை நான் வேறு விதமாகப் பார்த்துப் பழகியவள். முப்பத்தொரு வருஷம் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் துறைக்கு ஒரு சாபம் உண்டு. எந்தத் துறை ஸ்காலராக இருந்தாலும், நாலாவது வருஷம் கட்டுக்கட்டாகப் படிவங்களைத் தூக்கிக்கொண்டு எங்களிடம்தான் வந்து நிற்பார்கள். “மேடம், டேட்டா எல்லாம் எடுத்தாச்சு, அனாலிசிஸ் மட்டும் பண்ணிக்கொடுத்தால் போதும்.” கட்டிடம் கட்டி முடித்த பிறகு அஸ்திவாரம் எங்கே போடலாம் என்று கேட்பதைப்போல. அப்படி வந்தவர்களில் நர்சிங், தமிழ், சிவில், சமூகப்பணி, கடலியல் எல்லாரும் உண்டு. ஒரே நாற்காலியில் காலையில் பல் மருத்துவம், மதியம் கோயில் சிற்பம். அதனால் நாலு திக்கு என்று நீங்கள் சொன்னது எனக்கு ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை.

அந்த மேஜையில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். வந்தவரிடம் முதலில், “சரி, நீங்கள் என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று கிளம்பினீர்கள்?” என்று கேட்பேன். பாதிப் பேர் தலைப்பை ஒப்பிப்பார்கள். “கர்ப்பிணிகளின் ரத்தசோகை குறித்த ஓர் ஆய்வு, மேடம்.” அது தலைப்பு. கேள்வி எங்கே என்பேன். முழிப்பார்கள். தலைப்பு வேறு, கேள்வி வேறு. ஒன்று கேள்விதானா என்று பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன்: பதில் நீங்கள் நினைத்ததற்கு நேர்மாறாக வர வாய்ப்பு இருக்கிறதா? வாய்ப்பே இல்லை என்றால் அது ஆராய்ச்சி இல்லை, கட்டுரைப் போட்டி. ‘சத்தான உணவு கர்ப்பிணிகளுக்கு நல்லதா’ என்று ஐந்நூறு பேரிடம் படிவம் நிரப்பி வந்து என்ன கண்டுபிடிக்கப் போகிறீர்கள்?

நேர்மாறாக வரக்கூடிய கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு நான் வகுப்பில் எப்போதும் சொல்கிற உதாரணம் சென்னையில் நடந்தது. தாம்பரத்துக்கு அடுத்து சானடோரியம் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது இல்லையா? அந்தப் பெயரைத் தினமும் ஒலிபெருக்கியில் கேட்கிறவர்களுக்குக்கூட அது காசநோய் மருத்துவமனையின் பெயர் என்று தோன்றுவதில்லை. அந்தக் காலத்தில் டி.பி. வந்தால் ஆளை ஊருக்கு வெளியே, நல்ல காற்று வரும் இடத்தில், மாதக்கணக்கில் படுக்க வைப்பார்கள். ஓய்வு, முட்டை, பால், நர்ஸ். அதுதான் வைத்தியம். 1950-களில் ஐசோனியசிட், பிஏஎஸ் மாதிரியான மாத்திரை மருந்துகள் கைக்கு வந்துவிட்டன. ஆனால் இருக்கிற நோயாளிகளுக்குப் படுக்கை எங்கே? படுக்கை காலியாகும்வரை காத்திருந்தே செத்துப்போனவர்கள் ஏராளம்.

1956-ல் சென்னையில் இதற்கென்றே ஒரு மையம் தொடங்கினார்கள். இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று இருப்பது அதுதான். உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நம் ஊர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு நாலும் சேர்ந்து நடத்தியது. வாலஸ் ஃபாக்ஸ் என்கிற மருத்துவர் தலைமை. கேள்வி ஒரே வரி: அதே மருந்தை வீட்டிலேயே வைத்துக் கொடுத்தால் குணமாகுமா?

இன்றைக்குக் கேட்டால் ‘இதில் என்ன இருக்கிறது’ என்று தோன்றும். அன்றைக்கு இது விபரீதமான கேள்வி. எந்த வீடு? ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கிற வீடு. சோற்றுக்கே வழியில்லாத வீடு. நோயாளி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவாரா, பிள்ளைகளுக்கு ஒட்டாதா? பதில் ‘இல்லை’ என்று வந்திருக்க எல்லாக் காரணமும் இருந்தது.

193 நோயாளிகள். யார் வீடு, யார் சானடோரியம் என்பதை டாக்டர் பார்த்து முடிவு செய்யவில்லை. குலுக்கல் முறை. இந்த இடத்தில்தான் என்னைப் போன்றவர்களுக்குப் புல்லரிக்கும். ஏன் என்று கேட்டால், டாக்டர் கையில் விட்டிருந்தால் என்ன ஆகும்? ரொம்ப முடியாதவரைப் பார்த்துப் பாவப்பட்டு சானடோரியத்துக்கு அனுப்பிவிடுவார். அப்புறம் எது எதனால் குணமானது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் ஒரே மருந்து, ஒரு வருஷம். வீட்டில் இருந்தவர்கள் மாத்திரையை உண்மையிலேயே விழுங்குகிறார்களா என்று பார்க்கத் திடீரென்று வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைப் பரிசோதித்தார்கள். நோயாளி சொல்வதை நம்பவில்லை என்று இல்லை. நம்பிக்கையை மட்டும் நம்பி உட்காரவில்லை.

1959-ல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், ஓய்வெடுத்தார்கள், எடையும் கூடுதலாகப் போட்டார்கள். ஆனால் நோய் அடங்கியதில் வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய அவர்களுக்குச் சமமாக வந்து நின்றார்கள். கூட இருந்த குடும்பத்தாரைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளி வீட்டில் இருந்தார் என்பதால் அவர்களுக்குக் கூடுதலாக நோய் வந்துவிடவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மெல்ல மூடியதற்கு இந்த ஆய்வும் ஒரு முக்கியக் காரணம். இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கி வீட்டில் இருந்தபடியே டி.பி.யைக் குணப்படுத்திக்கொள்கிறோமே, அதற்கு அஸ்திவாரம் போட்டவர்கள் அந்த 193 பேர். அவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

இப்போது உங்கள் நோட்டீஸ் போர்டு ரத்தசோகைக்கு வருகிறேன். அந்த மாணவி யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இதே விஷயத்தோடு என்னிடம் ஒரு பெண் வந்தாள். நர்சாக வேலை பார்த்துக்கொண்டே படித்தவள். வினாப்பட்டியலில், “இரும்புச்சத்து மாத்திரை தினமும் சாப்பிடுகிறீர்களா?” என்று ஒரு கேள்வி. அத்தனை பேரும் ஆமாம். ஆனால் ரத்தப் பரிசோதனை வேறு கதை சொல்கிறது. என்ன செய்வது மேடம் என்றாள். சேத்துப்பட்டுக் கதையைச் சொல்லி, மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டச் சொல் என்றேன். அடுத்த மாதம் வந்து சிரிக்கிறாள். அரிசி டப்பாவுக்குள், தலையணைக்கு அடியில், சாமி படத்துக்குப் பின்னால், எங்கே பார்த்தாலும் பிரிக்காத அட்டை. ஒரு வீட்டில் மாமியாரே எடுத்து வைத்திருக்கிறார், குழந்தை கறுப்பாகப் பிறந்துவிடுமாம். இன்னொரு வீட்டில், சாப்பிட்டால் வயிற்றைப் பிரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்தியிருக்கிறாள். யாரும் அவளுக்கு, அப்படித்தான் போகும், பயப்படாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னிடம் வந்த அந்த நர்சின் ஆராய்ச்சி அந்த இடத்தில்தான் ஆரம்பித்தது. தலைப்பு மாறவே இல்லை. கேள்வி மாறிவிட்டது: ‘கொடுத்த மாத்திரை வாய்க்குப் போகும் வழியில் எங்கே நிற்கிறது?’

சரி, பேருந்து நிறுத்தம். இதைத்தான் நீங்கள் ஆச்சரியக்குறி போட்டு எழுதியிருந்தீர்கள்.

நாளைக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு உங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பைப் போய்ப் பாருங்கள் ஐயா. நிழற்குடை ஓர் இடத்தில் இருக்கும், ஆட்கள் பத்தடி தள்ளி நிற்பார்கள். விளக்குக் கம்பத்தின் நிழல் கையகலம்தான் இருக்கும், அதில் நாலு பேர் வரிசையாக ஒருவர் பின்னால் ஒருவர் நிற்பார்கள். ஏன்? பஸ் நிழற்குடைக்கு முன்னால் நிற்பதில்லை, தாண்டிப்போய் நிற்கிறது. உள்ளே இருந்தால் டிரைவர் பார்க்க மாட்டார். பெஞ்சில் எவனோ படுத்திருக்கிறான். சாயங்காலமானால் உள்ளே இருட்டு, பெண்கள் டீக்கடை வெளிச்சத்தில் வந்து நிற்கிறார்கள். இத்தனையும் லட்சக்கணக்கில் செலவு செய்து கட்டிய பிறகு. கட்டுவதற்கு முன்னால் ஒருவர் ஒரு வாரம் அங்கே உட்கார்ந்து எண்ணியிருந்தால்? அந்த எண்ணுகிற வேலைதான் ஐயா ஆராய்ச்சி.

இந்த விஷயத்தில் ஆஸ்திரியாவின் வியன்னா நகரம் ரொம்பப் பேசப்பட்ட உதாரணம். 1999-ல் அந்த நகரத்தின் ஒன்பதாவது வட்டாரத்தில், நீங்கள் எப்போது, எதற்காக, எப்படி வெளியே போய்வருகிறீர்கள் என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். ஆண்கள் ஐந்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். காலையில் வேலைக்கு, மாலையில் வீட்டுக்கு, முடிந்தது. பெண்கள் எழுதிக்கொண்டே இருந்தார்களாம். பிள்ளையை டாக்டரிடம், அங்கிருந்து பள்ளிக்கூடம், வரும் வழியில் காய்கறி, அப்புறம் அம்மாவைப் பார்க்க, திரும்பி வேலைக்கு. நகரத்தின் சாலையும் ரயிலும் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை போகிறவர்களுக்காகப் போட்டவை. இப்படி வளைந்து வளைந்து நடக்கிறவர்கள் திட்டத்தில் இல்லவே இல்லை. அதன் பிறகு நடைபாதையை அகலப்படுத்தினார்கள், விளக்கு போட்டார்கள், குழந்தை வண்டி ஏறப் படிக்கட்டில் சரிவு வைத்தார்கள்.

அதே நகரத்தில் பூங்காக்களை வைத்து இன்னொரு ஆய்வு, 1990-களின் நடுவில். ஒன்பது பத்து வயசுக்கு மேல் பெண் குழந்தைகள் பூங்காவில் காணாமல் போகிறார்கள், பையன்கள் அப்படியே இருக்கிறார்கள். யாரும் பெண்களை வராதே என்று சொல்லவில்லை. நடுவில் ஒரே பெரிய மைதானம், அதைப் பையன்கள் பந்தோடு பிடித்துக்கொள்கிறார்கள். சண்டை போட்டு இடம் பிடிக்கப் பெண்கள் நிற்பதில்லை, வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். 1999-ல் இரண்டு பூங்காக்களை மாற்றினார்கள். பெரிய இடத்தைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, நடைபாதை கூட்டி, வாலிபாலுக்கும் பேட்மின்டனுக்கும் இடம் விட்டார்கள். பெண் குழந்தைகள் திரும்ப வந்தார்கள். வேலி, செடி, பாதை, அவ்வளவுதான் செலவு. கண்டுபிடிக்க வேண்டியிருந்தது ஒன்றுதான்: வராதவர்களை எண்ணுவது. வந்தவர்களை எண்ணுவதைவிட இது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் துறைக்காரர்களுக்குத் தெரியும்.

நம் ஊரில் 2021-ல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லா பயணம் வந்தது. அதைப் பற்றி மாநிலத் திட்டக்குழு ஆய்வு செய்து, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று சொன்னது. அந்த எண் மேடைக்கு மேடை வந்தது. எனக்கு அந்த எண்ணைவிட, மிச்சமான பணம் எங்கே போகிறது, டிக்கெட் இல்லை என்பதால் புதிதாக எங்கே போகிறார்கள் என்பதில்தான் ஆசை அதிகம். சும்மா அக்கா வீட்டுக்குப் போய்வந்தேன் என்று ஒருத்தி சொன்னால் அதை எந்தக் கட்டத்தில் டிக் போடுவது? உங்கள் மகள் சமூகவியல் பக்கம் என்றால் இதை யோசிக்கச் சொல்லுங்கள். தலைப்பு சொல்ல மாட்டேன் என்று சொல்ல வந்தவள் ஒன்றைச் சொல்லிவிட்டேன் பாருங்கள்.

கடல்நீர் விஷயத்தை வேகமாக முடித்துவிடுகிறேன், அது என் பேட்டை இல்லை. ஆனால் ஒரு கதை மட்டும் பிடிக்கும். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கிற தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் 2005-ல் லட்சத்தீவின் கவரத்தியில் ஒரு நிலையம் வைத்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் நல்ல தண்ணீர். அடுப்பு இல்லை, உப்பை வடிகட்டும் சவ்வு இல்லை. மேல்மட்டக் கடல்நீர் வெதுவெதுப்பாக இருக்கும். காற்றழுத்தத்தை ரொம்பக் குறைத்த அறைக்குள் அதை விட்டால் அந்தச் சூட்டிலேயே கொஞ்சம் ஆவியாகும். ஆழ்கடலில் சுமார் 350 மீட்டரிலிருந்து குளிர்ந்த நீரை மேலே இழுத்து அந்த ஆவியைக் குளிர வைத்தால் குடிநீர். அவ்வளவுதான் சூத்திரம். இதில் எனக்குப் பிடித்தது என்ன என்றால், இது அந்தத் தீவில் கட்டுப்படியாவதற்குக் காரணம் தீவின் ஓரத்திலேயே கடல் சட்டென்று ஆழமாகிவிடுவது. சென்னைக் கரையில் அந்த மாதிரி ஆழத்துக்குப் போக வேண்டும் என்றால் சுமார் 40 கிலோமீட்டர் கடலுக்குள் போக வேண்டும். அப்படிப் போய், மிதவையில் வைத்தும் சோதித்துப் பார்த்தார்கள், 2007-ல். ஆக, ‘இந்தத் தொழில்நுட்பம் நல்லதா’ என்று கேட்டால் பதிலே கிடையாது. எந்தக் கரையில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

இனி ஒப்பாரி. இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. மற்ற மூன்றுக்கும் ‘பயன்’ என்று எதையாவது நான் காட்டிவிட முடியும். மாத்திரை, தண்ணீர், பஸ். ஒப்பாரியால் யாருக்கு என்ன பயன் என்றுதான் உங்கள் மனதில் ஓடியிருக்கும்.

தமிழ்த் துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். கையில் படிவம் இல்லை, மூன்று நோட்டு. அவள் ஊர்ப் பக்கத்து ஒப்பாரிகளை எழுதி வைத்திருந்தாள். கைடு ஏதாவது புள்ளியியல் சேர்க்கச் சொன்னாராம், அப்போதுதான் ஆய்வேட்டுக்கு ‘வெயிட்’ வருமாம். நான் நோட்டைப் புரட்டினேன், அரைமணி நேரம் கீழே வைக்க முடியவில்லை. செத்தவர் அப்பா. பாடுகிற மகள் அப்பாவைப் பற்றி நாலு வரி பாடிவிட்டு அண்ணனுக்குப் போய்விடுகிறாள். இனி யார் எனக்குச் சீர் கொண்டுவருவார், தீபாவளிக்கு யார் கூப்பிடுவார், உன் பெண்டாட்டி என்னை வாசலில் நிறுத்துவாளா என்று. அழுகை அப்பாவுக்கு, சேதி அண்ணனுக்கு. ஊர் முழுக்கக் கேட்கிறது, யாரும் பதில் பேச முடியாது, ஏனென்றால் அது ‘பாட்டு’. சொத்தில் பங்கு கேட்க வாயில்லாத இடத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே மைக். அந்தப் பெண் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தாள்: ‘ரெக்கார்டரை ஆன் பண்ணியபோது சாமி பாட்டாகப் பாடினார். அணைத்து பைக்குள் வைத்த பிறகு அண்ணியைப் பற்றிப் பாடினார்.’ நான் அவளிடம் சொன்னேன், உனக்கு என் உதவி தேவையில்லை, இந்தக் குறிப்பை அடிக்குறிப்பில் போடாதே, முதல் பக்கத்தில் போடு. கைடுக்கு என் மேல் கோபம் வந்தது. புள்ளியியல் வாத்தியாரே புள்ளியியல் வேண்டாம் என்கிறாரே என்று.

பயன் உடனே தெரியாத இன்னொன்றும் சொல்கிறேன். ஐராவதம் மகாதேவன், ஐ.ஏ.எஸ். அதிகாரி, பிற்பாடு தினமணி ஆசிரியராகவும் இருந்தவர். கரூர் பக்கம் புகளூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டில் சங்கப் பாடல்களில் வரும் சேரர் பெயர்களை 1960-களில் அடையாளம் கண்டவர். பழைய பிராமி எழுத்தில் உள்ள இந்த மாதிரிக் குகைக் கல்வெட்டுகள் தமிழ்தான் என்று 1924-லேயே கே.வி. சுப்பிரமணிய ஐயர் வாதாடியிருந்தார். அதைக் கல் கல்லாகப் போய்ச் சரிபார்த்து, படியெடுத்து, 2003-ல் பெரிய நூலாகக் கொண்டுவர மகாதேவனுக்கு நாற்பது வருஷம் ஆயிற்று. நடுவில் சிந்துவெளி எழுத்துக்குப் போனார். 1977-ல் அந்த எழுத்துகளுக்குத் தொடரடைவு ஒன்றைக் கணிப்பொறி துணையோடு கொண்டுவந்தார், தொல்லியல் துறை வெளியிட்டது. எந்தக் குறி, எந்த முத்திரையில், எதற்கு முன்னால், எதற்குப் பின்னால் என்று வரிசைப்படுத்திய அட்டவணைகள். 417 குறிகள். அது திராவிட மொழி என்பது அவர் கருத்து. அந்தக் கருத்தை ஏற்காதவர்களும் எடுத்துப் புரட்டுவது அவர் போட்ட அட்டவணையைத்தான். அந்த எழுத்து எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி இன்னும் படிக்கப்படவில்லை, அவரும் 2018-ல் காலமாகிவிட்டார். ‘பலன் என்ன’ என்று கேட்டால் பூஜ்யம் என்று எழுதலாம். எனக்கு அப்படி எழுதக் கை வராது.

இவ்வளவு பேசிவிட்டு இன்னொரு பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன். நோட்டீஸ் போர்டைப் பார்த்து உங்களுக்கு வந்த சந்தேகம் முழுக்கத் தப்பு இல்லை. ஒருமுறை ஒரு துறையிலிருந்து 120 படிவங்கள் வந்தன. நம் ஊரில் சாம்பிள் எப்போதும் 120, 200, 300 என்று உருண்டையாகத்தான் இருக்கும், ஏன் என்று கேட்காதீர்கள். புரட்டப் புரட்ட எனக்கு ஏதோ உறுத்தியது. எல்லா டிக்கும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. ஒரே நீல மை. அறுபதாவது படிவத்துக்குப் பக்கத்தில் மை தீர்ந்து, அதற்கு மேல் எல்லாம் கறுப்பு. லாட்ஜ் ரூமில் உட்கார்ந்து ஒரே ராத்திரியில் நிரப்பியிருக்கிறார். நான் கணக்குப் போட மறுத்தேன். வேறு யாரோ போட்டுக் கொடுத்தார்கள், பட்டமும் வந்தது. அந்த வருஷம் நான் செய்திருக்க வேண்டியது எழுத்தில் ஒரு புகார். செய்யவில்லை. ஓய்வுபெற்ற பிறகும் அது எனக்கு உறுத்துகிறது.

அதனால் மகள் விஷயத்துக்கு வருவோம். காரியமாகச் சில விஷயம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு. பெண்களுக்கு அதற்கு மேல் இரண்டு வருஷம் சலுகையும் பிரசவ விடுப்பும் உண்டு. எம்.ஃபில். இப்போது கிடையாது. ஆய்வேடு கொடுப்பதற்கு முன் இதழில் கட்டுரை வந்தே ஆக வேண்டும் என்கிற பொதுக் கட்டாயத்தையும் அதில் எடுத்துவிட்டார்கள், ஆனால் பல்கலைக்கழகம் தனக்கென்று விதி வைத்திருக்கும், சேருகிற இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பணம்தான் பெரிய கேள்வி. ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், மூன்றாம் வருஷம் முதல் 42,000. அது இல்லாமல் சேர்ந்தால் வீட்டுக் காசில்தான் ஓட வேண்டும், கல்யாணப் பேச்சு அடிக்கடி வரும். அதை முதலிலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

அப்புறம் ‘ஷோத்கங்கா’ என்று ஓர் இணையக் களஞ்சியம் இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் அங்கே இலவசமாகக் கிடைக்கும். மகள் சேர நினைக்கிற கைடின் பெயரைப் போட்டு, அவரிடம் ஏற்கெனவே முடித்தவர்களின் ஆய்வேடுகளை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். முன்னுரையை விட்டுவிடலாம், அதில் எல்லோரும் கைடுக்கு நன்றி சொல்லியிருப்பார்கள். கடைசி அத்தியாயத்தைப் பார்க்கட்டும். ‘நான் நினைத்தது தவறு’ என்று எங்கேயாவது ஒரு வரி இருக்கிறதா? இருந்தால் அந்தக் கைடிடம் தைரியமாகச் சேரலாம். அங்கே படிக்கிற சீனியர்களிடம், சார் போனை எடுப்பாரா, திருத்தக் கொடுத்தால் எத்தனை மாதத்தில் திரும்பி வரும் என்றும் கேட்கட்டும். தலைப்பைவிட இது முக்கியம், சத்தியமாகச் சொல்கிறேன்.

தலைப்பு சொல்லுங்கள் என்றீர்கள். நான் சொன்னால் அது என் கேள்வியாகிவிடும், நாலு வருஷம் அவள் சுமக்க வேண்டும். அதற்குப் பதிலாக இன்று ராத்திரி சாப்பிடும்போது, உனக்கு எது ஏன் அப்படி நடக்கிறது என்று ரொம்ப நாளாகப் புரியவில்லை என்று கேட்டுப் பாருங்கள். அவள் சொல்கிறபோது நடுவில் ‘இதில் என்ன இருக்கிறது’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் என்ன சொன்னாள் என்பதைக் கமெண்ட்டில் எழுதுங்கள், நான் படிப்பேன்.

அடுத்த கேள்வி திண்டுக்கல்லிலிருந்து. “மேடம், 120 படிவத்தில் 17 பேர் வருமானக் கேள்விக்குப் பதில் எழுதவில்லை, அந்த இடத்தில் சராசரியைப் போட்டு நிரப்பிவிடலாமா?” வேண்டாம் தம்பி, அவசரப்படாதே, முதலில் அந்த 17 பேர் யார் என்று பார்ப்போம்.